கரண்ட் இல்லாத நாளின் குலவை

திருமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபம். அக்கா பேத்திக்குப் பிறந்தநாள். மேடைக்குப் பின்னால் யாரோ பலூன் பாக்கெட்டைக் கிழித்தார்கள். ரப்பரும் பவுடரும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், கேக் மறந்தது, பாட்டு மறந்தது, நான் வேலை பார்த்த பசுமலைக்கு மனதால் போய்விட்டேன். மற்றவர்களுக்குப் பலூன் வாசனை என்றால் பிறந்தநாள். எனக்கு அது கோணிப்போன முகங்களின் வாசனை.

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு முகவாதம் வந்து வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அங்கிருந்து நேரே பெட்டிக்கடைக்குப் போவார்கள். பலூன் ஊது, பபிள்கம் மெல்லு. டீக்கடைக்காரர் சொல்வார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்வார், சில சமயம் எங்கள் பிசியோதெரபித் தொழில்காரர்களே சொல்வார்கள். ஊதி ஊதிக் கன்னம் நொந்தபிறகு எங்களிடம் வருவார்கள். மெஷினில் கரண்ட் வைக்க.

அந்த மண்டபத்தில்தான், நான் வேலை பார்த்த கிளினிக்கில் இப்போது இருக்கிற இளம் பிசியோதெரபிஸ்ட் பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். அக்கா வீட்டுக்கு அவளும் ஏதோ வழியில் சொந்தம். கிளினிக்கில் புதிதாக ஒரு மெஷின் இறங்கியிருக்கிறதாம், தொடுதிரையாம், நோயின் பெயரைத் தொட்டால் அதுவே எல்லாவற்றையும் முடிவு செய்துகொள்ளுமாம்.

"பேஷண்டைப் படுக்க வச்சுட்டு நாம டீ குடிச்சுட்டு வந்துறலாம் மேடம். உங்க காலத்துல எல்லாம் கையாலயே எப்படித்தான் சமாளிச்சீங்களோ!"

என் காலமாம். நான் ஓய்வு பெற்று இன்னும் ஒரு மழைக்காலம் முழுதாகப் போகவில்லை. தலையில் பாதி கறுப்பு. கட்டைவிரல் மூட்டு இரண்டும் தேய்ந்துபோனதால் வயதுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டவள் நான். "மேடம், எழுதுங்க மேடம்" என்றாள் அவள், போகிறபோக்கில். எழுதுகிறேன். ஆனால் உன் மெஷினைத் திட்டுவேன் என்று எதிர்பார்க்காதே கண்ணு. தினமும் காலையில் சூடான மெழுகுத் தொட்டியில் என் விரல்களை முக்கி எடுத்தபிறகுதான் என்னால் தோசைக் கரண்டியையே பிடிக்க முடிகிறது. அந்தத் தொட்டியும் மெஷின்தான்.

படித்த கதையை நீட்ட வேண்டியதில்லை. மதுரையில்தான் படித்தேன். பிரேதத்தின் முகத்தில் தோலை விலக்கி முக நரம்பைப் பார்த்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. அருவருப்பால் அல்ல, வியப்பால். காதுக்குக் கீழே ஒற்றைத் தண்டாகப் புறப்பட்டு, விரித்த விசிறிபோல் நெற்றிக்கு, கண்ணுக்கு, கன்னத்துக்கு, உதட்டுக்கு, தாடைக்கு என்று கிளை பிரிந்து கிடந்தது. ஒரு மனிதனின் அத்தனை சிரிப்பும் அத்தனை முறைப்பும் நூல்போன்ற அந்தக் கிளைகளில்தான் ஓடியிருக்கின்றன. அது மட்டும் மனதில் தங்கியது. மிச்சமெல்லாம் பரீட்சை.

பிறகு பசுமலை. மலைக்கு எதிரே மாடியில் கிளினிக். நடத்தியவர் ஞானமுத்து சார், அவரும் பிசியோதெரபிஸ்ட்தான். அரைக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, குரல் எப்போதும் ஒரே உயரம். மெஷின்களை அவர் நேசித்தார். விற்றுக் காசாக்கும் நேசம் இல்லை. மாட்டுக்காரர் மாட்டை நேசிக்கிற நேசம். எந்த நோயாளிக்குக் கரண்ட் வைப்பதானாலும் முதலில் தன் இடது முன்கையில் பட்டையை ஒட்டுவார். குமிழைத் திருகுவார். கண்ணை மூடி இரண்டு மூச்சு இழுப்பார். "ம்ம், ஓடுது" என்பார். அதன்பிறகுதான் நோயாளி. தினமும் ஒட்டி ஒட்டி எடுத்ததில் அவர் முன்கையில் ஓரிடத்தில் ரோமமே முளைக்காமல் வழுவழுவென்று ஆகியிருந்தது. "எனக்குச் சுள்ளுன்னு பட்டா அவங்களுக்கும் சுள்ளுன்னுதான் படும்" என்பார். அந்த மனிதரை எதிர்த்து நான் எப்படிச் சண்டை போடுவேன்? ஆனாலும் போட்டேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

வரிசையாகப் படுக்கைகள், நடுவில் பச்சைத் திரைகள். ஒரு படுக்கையில் முதுகுக்குக் கரண்ட், அடுத்ததில் கழுத்துக்கு இழுவை, அதற்கடுத்து முழங்காலுக்கு வெப்பக்கதிர். நான் இங்கே ஒயரை மாட்டி, அங்கே ஓடி, நேரம் முடிந்து மணி அடித்ததும் திரும்ப ஓடி வருவேன். மனிதரைத் தொட்ட நேரத்தைவிட ஒயரைத் தொட்ட நேரம் அதிகம். நோயாளிகளும் அதைத்தான் கேட்டார்கள். கையால் மூட்டை அசைத்து, மடக்கி, நீட்டி, வியர்த்து நின்றால், "எல்லாம் சரிங்க மேடம், கரண்ட்டு எப்ப வைப்பீங்க?" என்று கேட்ட முகங்கள் ஏராளம். அவர்களுக்குக் கையைப் பிடிப்பது நலம் விசாரிப்பு. கரண்ட் வைப்பதுதான் வைத்தியம்.

ஒருநாள் சாரிடம் கேட்டேவிட்டேன். "சார், ஒவ்வொருத்தரையும் கொஞ்ச நேரமாவது கையால பாக்க விடுங்க."

அவர் கோபப்படவில்லை. "ஏம்மா வசந்தா, காலையில வீட்டுக்காரரோட சண்டை போட்டுட்டு வர்றே. உன் கையில அந்தச் சூடு இருக்குமா இருக்காதா?"

"இருக்கும் சார்."

"மெஷினுக்கு வீட்டுக்காரர் கிடையாது."

சிரித்துவிட்டேன். உண்மைதானே.

எனக்கென்று மாதத்தில் ஒரு நாள் மட்டும் கிடைத்தது. மின்வாரியம் கம்பிகளைச் சரிபார்க்க அறிவிக்கும் ஷட்டவுன் நாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்ட் இருக்காது, பேப்பரிலேயே போட்டுவிடுவார்கள். அன்றைக்கு ஈ காக்கை வராது. சார் மெஷின்களைத் துணியால் மூடிவிட்டு வங்கி வேலையாகப் போய்விடுவார். மூடிய மெஷின்கள் நடுவே, ஜன்னல் வெளிச்சத்தில், எப்போதாவது தெரியாமல் வந்துவிடுகிற ஒன்றிரண்டு பேரை நான் அவசரமில்லாமல் கையால் பார்ப்பேன்.

அப்படித் தெரியாமல் வந்தவர்தான் பாண்டியம்மா.

வாடிப்பட்டிக்கு வடக்கே ஒரு சிற்றூர். நடவுக்கு ஆள் திரட்டிக்கொண்டு போகிறவர். தகப்பன் காலத்தில் கூலிக்கு நட்ட வயலில் ஒரு துண்டை இப்போது சொந்தமாக வைத்திருக்கிறவர். கூடவே அவருடைய ஓரகத்தி, கொழுந்தனார் மனைவி, ராக்கு. இருவரும் படியேறி வந்து, மூச்சு வாங்கி, இருட்டான ஹாலைப் பார்த்தார்கள்.

"டாக்டரம்மா, கரண்ட்டு எப்ப வரும்?" என்று கேட்டார் பாண்டியம்மா.

"சாயங்காலம் ஆகும்க்கா. நான் டாக்டர் இல்ல, பிசியோ."

"என்னமோ ஒண்ணு. வர்ற வரைக்கும் உக்காந்திருக்கோம். பஸ்ஸு மாறி பஸ்ஸு ஏறி வந்துட்டுச் சும்மா போகவா?"

"இவ மூஞ்சிக்கு நல்லாப் பவரா வைங்க டாக்டரம்மா" என்றார் ராக்கு. "முன்னாடி வேற எடத்துல வச்சாக. ரொம்பக் கஞ்சத்தனமா வச்சுட்டாக."

பாண்டியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கோணல் இல்லை. போன வருடம் ஒரு விடியற்காலைப் பயணத்தில், பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து போன மறுநாள் வலது பக்கம் செத்துக் கிடந்ததாம். இப்போது அந்தப் பக்கம் உயிரோடு இருந்தது. கன்னம் கொஞ்சம் தடித்து இறுகியிருந்தது, அவ்வளவுதான்.

"நல்லாத்தானக்கா இருக்கு? என்ன கஷ்டம்?"

ராக்கு பாண்டியம்மாவின் தொடையில் தட்டினார். "போட்டுக் காட்டுடி."

பாண்டியம்மா உதட்டைக் குவித்தார். அந்தக் கணத்தில் வலது கண் பட்டென்று மூடிக்கொண்டது. உதட்டை விட்டார், கண் திறந்தது. மறுபடி குவித்தார், மூடியது. பார்ப்பதற்கு அசல் கண்ணடிப்பு.

"எங்க ஊரு முளைப்பாரியில மொதக் குலவை இவதான் போடுவா" என்றார் ராக்கு. அதன்பிறகு இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லி எனக்கு விளங்கியது இது. அம்மன் திருவிழாவுக்கு இருட்டறையில் பயறு போட்டு முளைப்பாரி வளர்ப்பார்கள். பெண்கள் உதட்டைக் குவித்து நாக்கைச் சுழற்றி எழுப்பும் குலவைச் சத்தம் கேட்டுத்தான் முளை நீளும் என்பது அவர்கள் நம்பிக்கை. சட்டிகளை வெளியே எடுக்கும்போது முதல் குலவை ஒருத்தி போட வேண்டும், பிறகுதான் மற்றவர்கள். பாண்டியம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது அவருடைய இடம். சென்ற திருவிழாவில் வாயைக் குவித்தார், குலவை வந்தது, கண்ணும் சேர்ந்து அடித்தது. எதிரே நின்றது இளவட்டக் கூட்டம்.

"வெடலப் பயலுக போனுல புடிச்சிட்டாய்ங்க" என்றார் பாண்டியம்மா. "கண்ணடிக்கிற அக்கான்னு பாட்டு வேற சேத்து விட்டுட்டாய்ங்க. இங்க பக்கத்துல கட்டிக்குடுத்த எம் மக போனுக்கே வந்துருச்சு. மருமகன் பாத்துட்டுச் சிரிச்சாகளாம். அதுல இருந்து நான் நடவுல கூடக் குலவை போடுறதில்ல டாக்டரம்மா. வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிக்கிறேன்."

"வர்ற திருவிழாவுக்கு என்னையப் போடச் சொல்றாக" என்றார் ராக்கு. "நான் போட்டா குலவை மாதிரியா இருக்கும்? கோழி வெரட்டுற மாதிரி இருக்கும். முளையெல்லாம் திரும்ப மண்ணுக்குள்ள போயிரும்."

வெளியே வெயில் கொளுத்தியது. ஃபேன் இல்லை. மூன்று பேரும் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தோம். எனக்கு உள்ளுக்குள் ஏதோ சுறுசுறுவென்று ஓடத்தொடங்கியது. பிரேத அறையில் பார்த்த அந்த விசிறி நரம்பு ஞாபகத்துக்கு வந்தது.

"அக்கா, உங்க வீட்ல வயரிங் பண்றவன் தப்பா மாட்டிட்டான்னு வைங்க. ஃபேன் சுவிட்சப் போட்டா லைட்டும் சேந்து எரியுது. என்ன பண்ணுவீங்க?"

"அவனக் கூப்பிட்டு வய்வேன்."

"அதுதான் உங்க முகத்துல. பட்டுப்போன நரம்பு திரும்பத் துளிர்க்கறப்ப, வாய்க்குப் போற கிளை வழிதவறிக் கண்ணுக்கும் போயிருச்சு. பலூன் ஊதினீங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கட்டுக் கட்டா ஊதினா" என்றார் ராக்கு பெருமையாக. "நாந்தேன் வாங்கிக் குடுத்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எங்க வீட்லதான் பலூனு."

"முக்கி முக்கி ஊத ஊத, வாயும் கண்ணும் ஒண்ணாவே வேலை செய்யப் பழகிருச்சு. இதுக்கு மேல கரண்ட்டும் வச்சா என்ன ஆகும்? தப்பா மாட்டின லைட்டு இன்னும் நல்லாப் பளிச்சுன்னு எரியும்."

பாண்டியம்மா கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "அப்ப கரண்ட்டு வேணாங்கிறீகளா?"

"கரண்ட்டு வர்ற வரைக்கும் நான் ஒண்ணு செஞ்சு பாக்குறேன். பிடிக்கலைன்னா சாயங்காலம் வச்சுக்குவோம்."

கை கழுவும் இடத்தில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி ஜன்னலோரம் சாய்த்தேன். இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டேன். கையுறை மாட்டிய ஆள்காட்டி விரலை வாய்க்குள் விட்டுக் கன்னத்தின் உட்புறம் வைத்து, வெளியே கட்டைவிரலை வைத்து, இடையில் கன்னத்தைப் பிடித்தேன். உள்ளே கயிறுபோல் இறுகிய தசை கிடந்தது. அதை இழுக்கக் கூடாது. நெல்லுச் சோற்று உருண்டையை உடையாமல் உருட்டுவதுபோல் மெதுவாக வெளிநோக்கித் தள்ளி, அங்கேயே காத்திருக்க வேண்டும். அது தானாக இளகும். இளகியது விரலுக்குத்தான் முதலில் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அதன்பிறகு கண்ணாடி.

"இப்ப வாயைக் குவிங்க. முழுசா வேணாம். 'உ' சொல்லப்போறோம்னு நெனச்சாப் போதும். கண்ணு அசைஞ்சா அந்த நொடியே வாய் நிக்கணும்."

குவித்தார். கண் அடித்தது.

"கூடப்போச்சு. பாதிக்கும் பாதி."

மறுபடி. அடித்தது. மறுபடி. அடித்தது. நடவு வயலில் ஆட்களை விரட்டி வேலை வாங்கிய பெண்ணுக்குக் குறைவாகச் செய்வதென்பதே தெரியவில்லை. முழு உடம்பையும் போட்டுச் செய்தார். தோள் ஏறியது, கழுத்து நரம்பு புடைத்தது.

"எதுக்குடி இப்பிடி முக்குற? பிள்ளையா பெக்கப் போற?" என்றார் ராக்கு.

பாண்டியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து ஓய்ந்து, உடம்பு தளர்ந்து, களைப்பில் சும்மா உதட்டை அசைத்தார். ஒரு கொசு உட்கார்ந்து எழுந்த அளவு அசைவு. கண் அப்படியே திறந்திருந்தது.

மூவரும் கண்ணாடிக்கு இன்னும் நெருங்கினோம்.

"இன்னொருக்க" என்றேன்.

அதே அளவு. கண் திறந்திருந்தது.

சாயங்காலம் தடதடவென்று ஃபேன்கள் சுற்றத்தொடங்கின. கரண்ட் வந்துவிட்டது. ராக்கு எழுந்தார். பாண்டியம்மா எழவில்லை. கண்ணாடியிலேயே கண்ணை வைத்துக்கொண்டு, "அது கெடக்கட்டும்டி" என்றார்.

மறுநாள் நடந்ததைச் சாரிடம் சொல்லி, பாண்டியம்மாவுக்கு வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் கேட்டேன்.

"ஒரு முகத்துக்கு முக்கால் மணி நேரமா? அதுல நாலு முதுகு பாக்கலாமே வசந்தா."

"நாலு முதுகையும் மெஷின் பாத்துக்கும் சார். இந்த முகத்தை மெஷின் பாக்காது."

"பாக்காதுன்னு மெஷின் உங்கிட்ட சொல்லுச்சா?"

"நான் சொல்றேன் சார்."

அவர் குரல் அதே உயரத்தில்தான் இருந்தது. "வரட்டும். நானே வச்சுப் பாக்குறேன்."

பாண்டியம்மா வந்த அன்று சார் மெஷினின் பேனா வடிவ முனையை எடுத்தார். வழக்கம்போல முதலில் தன் முன்கை. கண்ணை மூடினார். "ம்ம், ஓடுது." பிறகு பாண்டியம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் தலையசைத்துவிட்டு, வாயோரத்தில் முனையை வைத்தார். உதடு துடித்தது. கண்ணும் துடித்தது. முனையை நகர்த்தினார். கன்னம் துடித்தது, கண்ணும் துடித்தது. இன்னும் நகர்த்தி, கரண்டைக் குறைத்து, அலையை மாற்றி, அவருக்குத் தெரிந்த அத்தனை வழியும் பார்த்தார். எங்கே வைத்தாலும் அந்தக் கண் சாட்சி சொல்ல ஓடிவந்தது.

குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். தன் கைக்குட்டையால் பாண்டியம்மாவின் கன்னத்துப் பசையைத் துடைத்துவிட்டார். "இந்த அம்மாவுக்கு வேண்டிய சரக்கு நம்ம கடையில இல்ல" என்றார். என்னைப் பார்த்தார். "உன் கையில இருந்தா குடு."

அன்றிலிருந்து வாரம்தோறும் பாண்டியம்மா வரும்போது என் படுக்கைகளில் கிடந்த முதுகுகளுக்கும் கழுத்துகளுக்கும் சாரே ஒயர் மாட்டினார். கிளினிக்கின் முதலாளி திரைக்குத் திரை ஓடியதை நான் ஜன்னலோரம் இருந்தபடி பார்த்தேன். கடைசியில் மெஷின் சாமான் போட்டுவைத்திருந்த மூலை அறையைக் காலி செய்து, ஆளுயரக் கண்ணாடி ஒன்றைப் பதித்து, "இது உன் ரூம். இங்க பிளக் பாயிண்ட்டே கிடையாது, நிம்மதியா இரு" என்றார். என் தொழில் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டமளிப்பு அதுதான்.

குலவையை நாங்கள் பிரித்து எடுத்தோம். கடிகாரக்காரர் கடிகாரத்தைப் பிரிப்பதுபோல. உதடு தனி, நாக்கு தனி, மூச்சு தனி, குரல் தனி. உதட்டை ஒரு விரற்கடை குவித்துக் கண்ணைத் திறந்தே வைப்பது முதலில். அது நிலைத்ததும், சத்தமில்லாமல் நாக்கை இடமும் வலமும் ஆட்டுவது. அதன்பிறகு காற்று. எல்லாவற்றிற்கும் காவல்காரன் அந்த வலது கண். அது அசைந்தால் பழையபடி முதல் படிக்கு. எனக்குக் குலவை வராது. "நாக்கு எங்க வைக்கணும்னு சொல்லுங்கக்கா" என்று நானும் முயன்று பார்த்தேன். காற்றுப்போன குக்கர் மாதிரி ஒரு சத்தம் வந்தது. ராக்கு தரையில் உட்கார்ந்து சிரித்தார். "எனக்கும் கீழ ஒருத்தி இருக்காடி!"

பிரித்த சாமான்களைத் திரும்பப் பூட்டும் நேரத்தில்தான் விபரீதம் நடந்தது. நன்றாக வந்துகொண்டிருந்தது. அறைக்குள் மெல்லிய குலவை கண் அசையாமல் வந்துவிட்டது. அடுத்த வாரம் பாண்டியம்மா தலையைக் குனிந்தபடி வந்தார். கண்ணாடி முன் நிறுத்தினேன். உதடு குவிந்தது; கண் பட்டென்று மூடியது, முதல்நாள் மாதிரியே.

"என்னக்கா செஞ்சீங்க?"

ராக்கு சேலை முந்தியை முறுக்கினார். "நாந்தேன் டாக்டரம்மா. திருவிழாவுக்குக் காப்புக் கட்டப் போறாக. இம்புட்டு நல்லா வருதே, கொஞ்சம் ஊதினா வெரசா வந்துருமேன்னு... பெரிய பலூனா பாத்து வாங்கிட்டு வந்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாயைத் திறந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன். சார் சொன்னது சரி. என் கையில் அப்போது சூடு இருந்தது, வேண்டாத சூடு. வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். எதிரே மலை வெயிலில் நின்றது. திரும்பி வந்தபோது பாண்டியம்மா சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது: "அழாதடி. நீயே போட்ரு மொதக் குலவைய. என் நேரம் அம்புட்டுதான்."

"யாரும் எதுவும் போட வேணாம்" என்றேன். "பாதை ஒருதடவை போட்டாச்சு. புல்லு முளைச்சிருச்சு, அவ்வளவுதான். மறுபடி நடப்போம். ராக்கக்கா, நீங்க தினமும் அவங்க எதிர்ல உக்காந்து அந்தக் கண்ணை மட்டும் பாருங்க. அசைஞ்சா 'நிறுத்து'ன்னு சொல்லணும். வேற எதுவும் செய்யக் கூடாது."

"அடிச்சு நிறுத்தவா?"

"சொல்லி நிறுத்துங்க."

அந்தக் கணத்திலிருந்து ராக்கு காவல்துறை ஆகிவிட்டார். களத்துமேட்டில், மாட்டுக் கொட்டத்தில், பஸ்ஸில், எங்கே உட்கார்ந்தாலும் ஓரகத்தியின் வலது கண்ணை அவர் கண் விடவில்லை. எந்த மெஷினிலும் இல்லாத அலாரம் அது. கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம், திட்டிக்கொண்டே வேலை செய்யும்.

புல் விலகியது. இந்தமுறை பாதை சீக்கிரம் தெரிந்தது. ஒருநாள் நான் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்: "அக்கா, இன்னைக்கு முழுசாப் போடுங்க."

"கிளினிக்கு டாக்டரம்மா. வெளிய ஆளுக இருக்காக."

"இருக்கட்டும்."

பாண்டியம்மா கண்ணாடியைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார். உதடு குவிந்தது. அந்தச் சின்ன அறையில் குலவை எழுந்தது. எழுந்தது என்று சொல்வது போதாது. சுவரில் பட்டுத் திரும்பி, கூரையில் மோதி, கதவிடுக்கு வழியாக ஹாலுக்குப் பாய்ந்தது. அந்தச் சத்தத்தின் நட்டநடுவில் வலது கண் கிணற்றுத் தண்ணீர் மாதிரி அசையாமல் திறந்திருந்தது. கழுத்து இழுவையில் கிடந்த பெரியவர் ஒருவர் திரைக்குப் பின்னாலிருந்து கத்தினார்: "யாரு வீட்ல விசேசம்? என்னையக் கழட்டி விடுங்கய்யா!"

திருவிழாவுக்கு சார் தன் காரில் என்னை அழைத்துப்போனார். அவராகவே கேட்டார். "நானும் வரட்டுமா வசந்தா?" வாடிப்பட்டி தாண்டி வயல்கள் தொடங்கியதும், "நடுவுல ஒருதடவ கண்ணு மூடிட்டா அந்த அம்மா அவ்வளவுதான், இல்ல?" என்றார். அவர் விரல்கள் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தன. அவரும் பயந்திருந்தார்.

பொழுது சாயும் நேரம். முளைப்பாரி வீட்டு வாசலில் ஊரே நின்றது. பெண்கள் ஒரு பக்கம். எதிரே, போன வருடம் நின்ற அதே இடத்தில், இளவட்டங்கள். அவர்களுடைய கைகள் உயர்ந்திருந்தன; ஒவ்வொரு கையிலும் போன். ஒருவன் அடுத்தவன் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தான். அங்கே போய்ப் பாண்டியம்மாவின் கன்னத்தைப் பிடிக்க முடியாது. கண்ணாடி இல்லை. ஜன்னல் இல்லை. என் கை இனி எதற்கும் உதவாது. கையால் செய்கிற வைத்தியத்தின் கடைசிப் பாடம் கையை எடுத்துக்கொள்வதுதான் என்பதை யாரும் எனக்குப் படிப்பித்திருக்கவில்லை.

கதவு திறந்தது. முதல் சட்டி வெளியே வந்தது. இருட்டில் வளர்ந்த பயற்று முளைகள், வெளிர்மஞ்சளாய், நெடுநெடுவென்று. கொட்டு நின்றது. பாண்டியம்மா முன்னால் வந்தார். ராக்கு அவருக்குப் பக்கவாட்டில், வலது கண்ணைப் பார்க்க வாகாக.

பாண்டியம்மா போன்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். பிறகு உதட்டைக் குவித்தார். கொசு உட்கார்ந்து எழுகிற அளவு. அவர் வேண்டுமென்றே தாமதித்தார் என்று இன்றும் நினைக்கிறேன். கண்ணை நன்றாகப் படம் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுபோல, அகலமாகத் திறந்து வைத்தார்.

பிறகு போட்டார்.

ஆயிரம் மைனாக்கள் ஒரே மரத்திலிருந்து கிளம்பியதுபோல் இருந்தது. வயல்கள் வரைக்கும் போயிருக்கும் அந்தச் சத்தம், கண்மாய் வரைக்கும் போயிருக்கும். கண் திறந்தே இருந்தது. மூச்சு நீண்டது, நீண்டுகொண்டே போனது, கண் திறந்தே இருந்தது. "அசையலடி! அசையல! போடு!" என்று ராக்கு ஓலமிட்டார். அவ்வளவுதான், மற்றப் பெண்களின் குலவை அணை உடைந்தாற்போல் வந்து சேர்ந்தது. எதிரே போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. சிரித்த பையன் விசிலடித்தான். இந்தமுறை அது கேலி இல்லை.

சார் தன் முன்கையைத் தடவிக்கொண்டிருந்தார். வழுவழுத்த அந்த ஓரிடம் தவிர மற்ற இடத்தில் எல்லாம் ரோமம் சிலிர்த்து நின்றிருந்தது. "இதுக்கு வால்யூம் குமிழ் எங்க இருக்கு?" என்றார் என்னிடம். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

அதன்பிறகும் சார் மெஷின் வாங்கினார். நல்ல மெஷின்கள். நானே பலவற்றை இயக்கினேன். எழுந்து நிற்க மாட்டாமல் கிடந்த முதுகுகளை அவை வலி தணித்து என் கைக்கு அனுப்பின. ஆனால் மூலை அறையில் கடைசிவரை பிளக் பாயிண்ட் வரவில்லை. ஒரு நேரத்தில் ஒரு மனிதர் மட்டும். மாதத்தில் ஒருநாள் என்று இருந்தது தினமும் என்று ஆனது. கட்டைவிரல் மூட்டு தேய்ந்தது அந்த அறையில்தான். தேய்ந்துபோகட்டும். எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

அந்தத் திருவிழா அன்று ஊர்வலம் கண்மாய்க்கரைக்குக் கிளம்பும்போது நாங்கள் விடைபெற்றோம். காரின் கதவைப் பிடித்துக்கொண்டு பாண்டியம்மா நின்றார். முகமெல்லாம் மஞ்சளும் வியர்வையும். வாயைப் பொத்தாமல் சிரித்தார். பழக்க தோஷம், நான் அந்தக் கண்ணைத்தான் பார்த்தேன். பெருஞ்சிரிப்பின் விளிம்பில் இமை ஒரு நூல் அளவு இறங்கி ஏறியது.

"அக்கா, இன்னும் துளி இருக்கு. சிரிக்கறப்ப லேசா இழுக்குது. பயிற்சிய விட்றாதீங்க, அதையும் எடுத்துருவோம்."

"அது இருந்துட்டுப் போகட்டும் டாக்டரம்மா" என்றார் பாண்டியம்மா, அம்மன் கோயில் பக்கம் திரும்பி. "ஆத்தாளப் பாத்து ஒருத்தியாச்சும் கண்ணடிக்க வேணாமா?"